தாய்க்கான கடன் யார் கணக்கில்?

சொர்க்கம் தாயின் காலடியில் இருக்கிறது என்பது முஸ்லிம் அல்லாதவர்களும் அறிந்த நபிமொழி. திருமண மேடை, ஜும்ஆ பயான், நாட்காட்டித் தாள் என்று எங்கும் அதைக் காணலாம். அது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்பதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஜாஹிமா என்ற தோழர் நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து, போருக்குப் புறப்பட விரும்புவதாகச் சொல்லி யோசனை கேட்கிறார். தாய் இருக்கிறாரா என்று நபிகள் விசாரிக்கிறார். இருக்கிறார் என்றதும், அப்படியானால் அவரை விட்டு அகல வேண்டாம், சொர்க்கம் அவர் காலடியில்தான் என்று பதில் வருகிறது. நஸாயீ தொகுப்பில் உள்ள செய்தி இது. அன்றைய மதீனாவில் போர்க்களத்துக்குப் போவதைவிடப் பெருமை தரும் காரியம் ஓர் ஆணுக்கு அதிகம் இருந்திருக்காது. அந்தப் பெருமையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்ன உத்தரவு அது. உத்தரவாகப் பிறந்ததை நாம் வாழ்த்தாக மாற்றிவிட்டோம். வாழ்த்துச் சொல்லச் செலவு எதுவும் இல்லை அல்லவா? இஸ்லாம் தாய்க்குக் கொடுத்திருப்பது மரியாதை மட்டும் அல்ல. பிள்ளைகளிடமிருந்து வரவேண்டிய ஹக்கு, அதாவது உரிமை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள், மகனும் மகளும். அந்தப் பொறுப்பை மருமகளின் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு மேடையில் தாயைப் புகழ்வதுதான் இன்று பரவலாக நடக்கிறது. மார்க்கம் அதற்கு இடம் தரவில்லை.

குர்ஆனின் லுக்மான், அஹ்காஃப் அத்தியாயங்களில் தாயைப் பற்றிப் பேசும் வசனங்கள் பெற்றோர் இருவருக்கும் நன்மை செய்யச் சொல்லித் தொடங்குகின்றன. காரணம் சொல்லும் இடத்தில் தாயை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே பேசப்படுவது தாயின் தியாக உள்ளம் அல்ல, அவள் உடம்பு பட்ட பாடு. தளர்ச்சிக்கு மேல் தளர்ச்சியாகச் சுமந்தாள், வலியோடு பெற்றாள், இரண்டு ஆண்டு பால் கொடுத்தாள். சுமந்த காலமும் பால்குடி மறக்கடித்த காலமும் சேர்ந்து 30 மாதம் என்று கணக்கும் வருகிறது. இந்த எண்ணை ஆரம்ப கால முஸ்லிம்கள் அலங்காரமாக வாசிக்கவில்லை. ஆறே மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண் மீது பழி வந்தபோது, 30 மாதத்தில் பால்குடிக் காலமான 24 மாதத்தைக் கழித்தால் ஆறு மாதம் மிஞ்சுகிறது, ஆகவே அவளைத் தண்டிக்க முடியாது என்று அலீ (ரலி) வாதாடியதை இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்திருக்கிறது. பகரா அத்தியாயம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மணவிலக்கு ஆன பிறகும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது குழந்தையின் தகப்பன் பொறுப்பு. குழந்தையைக் காட்டித் தாயை வருத்தக் கூடாது என்கிறது. தாய்மைக்குக் கணக்குப் பார்ப்பதா என்று நம் காது கூசலாம். அந்தக் கூச்சத்தின் மறைவில்தான் எத்தனையோ தாய்மார்களின் உழைப்பு கணக்கில் வராமலே போகிறது.

நபிமொழிகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன. நல்ல தோழமைக்கு மனிதர்களில் அதிக உரிமை உள்ளவர் யார் என்று ஒருவர் கேட்டபோது, மூன்று முறை தாயைச் சொல்லிவிட்டு நான்காவதாகத் தந்தையைச் சொன்னார் நபிகள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. கேட்டவர் யாருக்குப் பணம் கொடுப்பது என்று கேட்கவில்லை, யாரோடு நல்லபடியாகக் கூடி இருப்பது என்று கேட்டார். ஹஜ் செய்வதாக நேர்ந்துகொண்டு அதை நிறைவேற்றாமல் இறந்துபோன தன் தாய்க்காகத் தான் போகலாமா என்று ஜுஹைனா குலத்துப் பெண் ஒருவர் வந்து நின்றபோது, தாய் கடன் வைத்திருந்தால் அடைத்திருப்பாய் அல்லவா என்று கேட்டு நபிகள் அனுமதி தந்தார். இங்கே தாயின் கடனை ஏற்பவர் மகள் என்பதையும் கவனிக்க வேண்டும். யமன் நாட்டவர் ஒருவர் தன் தாயை முதுகில் சுமந்து கஅபாவைச் சுற்றிவிட்டு, தாய்க்குப் பட்ட கடனை அடைத்துவிட்டேனா என்று நபித்தோழர் இப்னு உமரிடம் (ரலி) கேட்டார். பிரசவத்தில் அவள் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்று பதில் வந்தது. அடைத்துத் தீராத கடன் என்பதற்காகத் தவணையே கட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இதை வெறும் உபதேசமாக விட்டுவைக்காமல் சட்டமாக எழுதிவைத்தவர்கள் ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்கள். இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் ஹனஃபி சட்டத்தில், வசதியுள்ள பிள்ளைகள் ஏழைப் பெற்றோருக்குச் செலவு கொடுத்தாக வேண்டும். பெற்றோரால் கொஞ்சம் சம்பாதிக்க முடியும் என்பது தப்பிக்கும் வழி அல்ல. தாய் விஷயத்தில் விதி இன்னும் இறுக்கமானது. மகன் கையிறுக்கத்தில் இருந்தாலும், தாய் ஏழை என்றால், அவர் நடமாடும் நிலையில் இருந்தாலும்கூட, அவருக்குச் சோறு போட வேண்டியது மகன் கடமை. சொத்துப் பங்கில் மகளுக்கு மகனில் பாதி என்று சொல்லும் அதே சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் செலவில் இருவரையும் சமமாக நிறுத்துகிறது. பாதிப் பங்கு வாங்கியவள் முழுப் பொறுப்பைச் சுமப்பதா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹன்பலி அறிஞர்கள் இந்தச் செலவை வாரிசுப் பங்கின் விகிதப்படி பிரித்தார்கள். எந்த வழியில் பிரித்தாலும், அந்தப் பட்டியலில் மருமகளின் பெயர் வராது.

கணவனின் தாய்க்குப் பணிவிடை செய்வது மனைவியின் மார்க்கக் கடமை என்று குர்ஆனில் எங்கும் இல்லை. ஹனஃபி நூல்கள் இதற்கு எதிர்த்திசையில் போகின்றன: கணவனின் உறவினர்கள் இல்லாத தனி இருப்பிடம் கேட்க மனைவிக்கு உரிமை உண்டு என்கின்றன. அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்டால் அது உபகாரம், நன்மை எழுதப்படும் செயல். செய்யாவிட்டால் குற்றம் ஆகாது. இதைச் சொன்னவுடன் வரும் ஆட்சேபம் தெரிந்ததுதான். இப்படியெல்லாம் பேசினால் குடும்பம் என்னாவது, நம் வழக்கம் என்ன, நம் வீட்டுப் பெண்கள் காலம்காலமாகச் செய்துவந்தது அல்லவா என்பார்கள். செய்துவந்தார்கள், உண்மை. அந்த மருமகளுக்கும் ஒரு தாய் இருக்கிறார் என்பதை இந்த ஆட்சேபம் மறந்துவிடுகிறது. அந்தத் தாயும் சுமந்தவர், பெற்றவர், பால் கொடுத்தவர். அவருக்கு மகள் மீது அதே ஹக்கு உண்டு. கணவன் தன் கடனை மனைவி தலையில் ஏற்றும்போது, அவள் தன் தாய்க்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை எடுத்துத்தான் அதை அடைக்கிறாள். ஒரு தாயின் காலடியில் சொர்க்கத்தைத் தேடுவதற்காக இன்னொரு தாயைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு இது. மனம் ஒப்பி உதவும் மருமகள்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லவாவது, அது அவர்கள் கடமை அல்ல என்பதை மகன்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. படுத்த படுக்கையான தாயைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் மகனால் முடியுமா, ஹயா, அதாவது வெட்கம் என்று ஒன்று இல்லையா என்பார்கள். வெட்கத் தலங்களைப் பேணும் விதி உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு நாளில் என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்த்தால், அந்த விதி எவ்வளவு குறைவான இடத்தை அடைக்கிறது என்பது புரியும். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். கஞ்சியைப் புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். தொழுகை நேரத்தில் வுளூவுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும் செய்விக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். ஒரே கதையை நான்காவது முறையாகச் சொல்லும்போது முதல்முறை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் மகன் கை குறுக்கே நிற்காது. குளிப்பாட்டல் போன்ற மிச்ச வேலைக்கு மகள் இருக்கலாம், சம்பளத்துக்கு ஒரு பெண் இருக்கலாம்; அந்தச் சம்பளம் மகன் பையிலிருந்து போகட்டும். யாருமே இல்லாத நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இளக்கம் காட்டுகிறது. நடைமுறையில் ஹயா என்ற சொல் குளியலறை வாசலில் நிற்பதில்லை. வீட்டு வாசல்வரைக்கும் வந்து, மகனை வெளியே அனுப்பிவிடுகிறது.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் மகன்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. தமிழ் முஸ்லிம் ஊர்களின் பாதி அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. தாயின் மருந்தும் அதில்தான் வருகிறது. பணம் அனுப்புவதும் ஹக்கின் ஒரு பகுதி, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. பெற்றோருக்காகச் செலவழிப்பதைக் குர்ஆனே முதலில் வைக்கிறது. ஆனால் ஜாஹிமாவிடம், போருக்குப் போய்வந்து கிடைக்கும் பங்கைத் தாய்க்கு அனுப்பு என்று சொல்லப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெளியூரில் இருக்க வேண்டிய கட்டாயம் எல்லா வீட்டுக்கும் உண்டா என்று சகோதரர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா? வீடு கட்ட, கார் வாங்க, தங்கை கல்யாணத்துக்கு என்று ஒப்பந்தம் நீளும்போது, உம்மாவோடு இருக்கும் வருடங்கள் எத்தனை மிச்சம் என்ற கணக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா? வறுமையால் போனவர் மீது பழி இல்லை. வசதி வந்த பிறகும் திரும்பாதவருக்குத்தான் இந்தக் கேள்வி.

மருமகள் வீட்டுக்கு வருவதுதான் இஸ்லாமியக் குடும்ப முறை என்று நினைப்பவர்கள் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் பார்க்க வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று வரை இதே வழக்கம்தான். வீடு மகளுக்குப் போகிறது. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா தான் வாழ்ந்த வீட்டிலேயே, தன் மகள் கையால் சாப்பிட்டு முதுமையைக் கழிக்கிறார். மாமியார்–மருமகள் தகராறு என்ற தமிழ்ச் சினிமாவின் நிரந்தர மூலதனம் அந்த ஊர்களில் அவ்வளவாக விலைபோகாது. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. வீடு கொடுத்தாக வேண்டும் என்ற சுமை பெண்ணைப் பெற்றவர்களை நசுக்குகிறது. மகன்களுக்கு, உம்மாவைப் பார்ப்பது ராத்தா, தங்கச்சி வேலை என்று ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கிறது. ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்ற தாய்க்கு அந்த ஏற்பாட்டில் இடம் எங்கே என்பதும் தெளிவாக இல்லை. ஆனாலும் மார்க்கத்தை நெருக்கமாகப் பின்பற்றுவதாகப் பெயரெடுத்த ஊர்களே மகள் வழியில் தாயைப் பார்த்துக்கொள்கின்றன என்பது, மருமகள் கடமை என்ற வாதத்துக்கு ஊர்வழக்கைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதைக் காட்டுகிறது.

எல்லாத் தாயும் நல்ல தாயா, அநியாயம் செய்யும் தாய்க்கும் இதெல்லாம் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு, ஒரு வரம்போடு. இறைவனுக்கு இணைவைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆனாலும் இந்த உலகத்தில் அவர்களோடு நல்லபடியாக நடந்துகொள் என்கிறது லுக்மான் அத்தியாயம். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) இஸ்லாத்தை விட வேண்டும் என்று அவர் தாய் உண்ணாமல் கிடந்தார். மகன் கொள்கையை விடவில்லை. அபூபக்ரின் (ரலி) மகள் அஸ்மாவைப் பார்க்க, இஸ்லாத்தை ஏற்காத அவர் தாய் மதீனாவுக்கு வந்தபோது, தாயோடு உறவு பாராட்டலாமா என்று அஸ்மா கேட்டார். பாராட்டு என்றார் நபிகள். கீழ்ப்படிவது ஒன்று, பராமரிப்பது வேறொன்று. முதலாவதற்கு எல்லை உண்டு, இரண்டாவதை மதவேறுபாடுகூட முறிக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் மகன்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. கைக்கூலி கேட்கும்போதும் மனைவியைக் கசக்கும்போதும் அவர்கள் உம்மா பேச்சைத் தட்டாத பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். மார்க்கம் தடுத்ததைச் செய்ய உம்மாவின் பேச்சு வேண்டியிருக்கிறது; உம்மாவின் துணியை அலச மனைவியின் கை வேண்டியிருக்கிறது.

பேச்சு சொத்துக்கு வரும்போது தாயின் ஹக்கு இன்னும் வேகமாகக் கரைகிறது. தாய்க்கு முன்பே மகன் இறந்துவிட்டால், அவனுக்குப் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒரு பாகம் என்று அந்நிஸா அத்தியாயம் நேரடியாகச் சொல்கிறது. தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று விட்டுச்சென்றவரின் சொத்து 24 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடனும் வசிய்யத்தும் (உயில்) போக மிஞ்சியது அது என்றால், தாய்க்கு 4 லட்சம், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 லட்சம், மிச்சம் 17 லட்சம் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாகப் போகும். நடப்பது என்ன? வங்கி வைப்பில் நாமினியாக மனைவியின் பெயரோ தம்பியின் பெயரோ இருக்கும், பணம் அங்கே போய் நின்றுவிடும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுகளின் பங்கு அதனால் அழியாது என்பதே வங்கி வைப்பு பற்றிய உச்ச நீதிமன்ற நிலைப்பாடு. அதை யாரும் தாயிடம் சொல்வதில்லை. நிலம் என்றால் பேரப்பிள்ளைகளுக்குத்தானே என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் ரேகை வாங்கிக்கொள்வார்கள். அவர் விரும்பியே விட்டுக்கொடுக்கலாம், தவறில்லை. தனக்கு என்ன வருகிறது என்பதைத் தொகையாகச் சொல்லக் கேட்ட பிறகு விட்டுக்கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தல். பிற்பாடு அவர் மௌத்தானால், நாற்பதாம் நாள் கத்தம் ஓதலாமா, அது பித்அத்தா (மார்க்கத்தில் புகுத்திய புதுமையா) என்று இரண்டு தரப்பும் துண்டறிக்கை போட்டு மோதிக்கொள்ளும். கடைசி இரண்டு வருடம் டயபர் வாங்கிய செலவை எந்தப் பிள்ளை கொடுத்தான் என்பதற்கு இரு தரப்பிலும் துண்டறிக்கை கிடையாது.

அன்பைச் சட்டத்தால் வரவழைக்க முடியுமா என்பார்கள். முடியாது. பெற்றோரைப் பார்த்துச் சலித்து ஒரு சொல் சொல்லக் கூடாது என்று குர்ஆன் விதிக்கும் இடத்தை எந்த நீதிமன்றமும் எட்டிப்பார்க்க இயலாது. அது பிள்ளைக்கும் படைத்தவனுக்கும் இடையிலான விஷயம். ஆனால் சோறும் மருந்தும் கூரையும் அப்படி அல்ல. இந்திய அரசின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்க அந்தச் சட்டம் வழிவைத்தது. மணமான மகளும் பெற்றோருக்குப் பொறுப்பாளி என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை ஷரீஅத்தில் தலையீடு என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. ஃபிக்ஹு நூல்கள் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது. மனுக் கொடுக்கும் தாய்மார்கள் குறைவு என்பதற்குக் காரணம் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பது மட்டும் அல்ல, பெற்றவள் பிள்ளைமேல் மனுக் கொடுப்பதா என்ற கூச்சமும்தான்.

ஆகவே அந்த நிலை வருவதற்கு முன்பே கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஹிபா, அதாவது தானப் பத்திரம். வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்துக் கைவசமும் ஒப்படைத்துவிட்டால், ஹனஃபி சட்டப்படி பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த ஹிபாவைத் திரும்பப் பெற முடியாது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு சுலபம், இல்லையென்றால் இழுபறி. பத்திரம் எழுதும் நாளில் பெற்ற மகனிடம் நிபந்தனை பேச எந்த உம்மாவுக்கும் வாய் வராது. அதைப் பேச வேண்டியவர்கள் கூட இருக்கும் ஆலிமும் பத்திர எழுத்தரும். இன்னொன்று, ஜமாஅத். நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகையை எழுதாமல் எந்தப் பள்ளிவாசலும் கல்யாணம் முடித்துவைப்பதில்லை. அதே அலுவலகத்துக்குப் பாகப்பிரிவினை பேச வரும் குடும்பத்திடம், இறந்தவரின் தாய் உயிரோடு இருக்கிறாரா, அவர் பங்கு எவ்வளவு என்று அவருக்குச் சொல்லப்பட்டதா, இனி அவர் எந்தப் பிள்ளையோடு இருப்பார், செலவை யார் யார் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு தீர்மானம் போதும்.